வயரில்லாத சால்டரிங் அயர்ன் வாங்கலாமா?

கேள்வி: வீட்டில் பழைய ரேடியோக்களைச் சரிசெய்வதும் மாதிரி விமானங்கள் கட்டுவதும் என் பொழுதுபோக்கு. நண்பர்களின் வண்டிகளில் வயரிங் கோளாறு வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். என்னிடம் இருப்பது சாதாரண 25 வாட் சால்டரிங் அயர்ன். வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்யும்போது நீட்டிப்பு வயரை இழுத்து இழுத்துச் சலித்துவிட்டது. பேட்டரியில் ஓடும் அயர்ன் வாங்கலாம் என்றால், “அது பொம்மை, காசைக் கரியாக்காதே” என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவர் தன்னிடம் சும்மா கிடக்கும் கேஸ் அயர்னைத் தருவதாகச் சொல்கிறார். வயரில்லாத கருவி உண்மையில் உதவுமா? வாங்கினால் பழைய அயர்னைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். வாங்கலாம். ஆனால் உங்கள் மனதில் இருக்கும் வகையை, அதாவது கைப்பிடிக்குள்ளேயே பேட்டரி அடங்கிய அயர்னை, நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் நண்பர் ‘பொம்மை’ என்று சொன்னது அந்த வகையைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரி. வயரில்லாத அயர்ன் எல்லாமே பொம்மை என்று அவர் நினைத்தால் அது தவறு.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் பட்டறை மேசையிலும் வெளியிடங்களிலும் சால்டரிங் வேலை செய்கிறேன். வயரில்லாத கருவிகளில் ஒவ்வொரு வகையையும் ஏதாவது ஒரு சமயத்தில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். சிலவற்றை ஒரே வாரத்தில் ஓரம் கட்டினேன். ஒன்றை இன்றும் தினமும் பையில் போட்டுக்கொண்டு போகிறேன். ஏன் என்று சொல்கிறேன். பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு. எரியும் தீக்குச்சியின் சுடர் சால்டரிங் பிட்டைவிட (அயர்னின் சூடாகும் முனையைவிட) சூடானது. அதை வைத்து ஒரு குடம் தண்ணீரைக் காய்ச்ச முடியுமா? பேட்டரி அயர்ன் விளம்பரங்கள் ‘15 விநாடியில் 400 டிகிரி’ என்று பெரிய எழுத்தில் போடுகின்றன. அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பிட் ஊசிபோல் சிறியதாக இருந்தால் 8 வாட்டிலேயே அந்தச் சூட்டை எட்டிவிடலாம். ஆனால் பிட்டைத் தாமிரத்தின் மேல் வைத்த அடுத்த நொடியே கதை மாறிவிடுகிறது. தாமிரம் வெப்பத்தைக் கடத்துவதில் வெள்ளிக்கு அடுத்தபடி நிற்கிற உலோகம். தடித்த வயரோ, சர்க்யூட் போர்டில் அகன்று கிடக்கும் கிரவுண்ட் செம்புப் பரப்போ பிட்டிலிருந்து வெப்பத்தை உறிஞ்சி வேறு பக்கம் கொண்டுபோய்விடும். உறிஞ்சப்படும் வேகத்துக்கு ஈடாக ஹீட்டர் வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் பிட்டின் சூடு சரிந்துவிடும்.

63 சதவீதம் வெள்ளீயமும் 37 சதவீதம் காரீயமும் கலந்த வழக்கமான சால்டர் கம்பி 183 டிகிரியில் உருகும். காரீயம் கலக்காத வழக்கமான வகைகளுக்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். (நாம் பட்டறையில் எல்லாவற்றையுமே ‘ஈயம்’ என்றுதான் சொல்கிறோம். வெள்ளீயம், காரீயம் என்று நம் மொழி பிரித்து வைத்திருப்பது இந்த இடத்தில் எவ்வளவு பயன்படுகிறது பாருங்கள்.) பிட்டின் மேல் ஈயம் உருகினால் மட்டும் போதாது. ஒட்ட வேண்டிய இரண்டு உலோகங்களும் அந்தச் சூட்டைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் ஈயம் பிட்டில் உருகி, பேடின் (பாகங்களை ஒட்டப் போர்டில் இருக்கும் செம்புத் திட்டின்) மேல் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கும். பார்க்கப் பளபளப்பாகக்கூட இருக்கும். விரலால் தள்ளினால் பெயர்ந்து வரும். நாம் ‘டிரை சால்டர்’ என்று சொல்வது இதைத்தான். திறனில்லாத அயர்னின் பெரிய ஆபத்து இதுதான்: வேலை முடிந்துவிட்டதாக அது உங்களை நம்ப வைக்கும். இரண்டு வாரம் கழித்து, வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது விளக்கு அணையும்.

இப்போது ஒவ்வொரு வகையாகப் பார்ப்போம்.

மூன்று அல்லது நான்கு பென்சில் செல் போட்டு ஓட்டும் அயர்ன்களை விட்டுவிடுங்கள். 6 முதல் 8 வாட்தான் கிடைக்கும். அல்கலைன் செல் ரிமோட்டுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் அருமையான பொருள். ஓர் ஆம்பியருக்கு மேல் இழுத்தால் அதன் உள் மின்தடையே ஆற்றலில் ஒரு பங்கைத் தின்றுவிடும். செல்லைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள், அது சூடாக இருக்கும். அந்தச் சூடு பிட்டுக்கு வந்திருக்க வேண்டியது. சில காலம் முன்பு, இரண்டாகப் பிளந்த கார்பன் முனை கொண்ட ஒரு வகையும் பரவலாக விற்றது. தொடும் பொருளின் வழியாகவே மின்சாரம் பாய்ந்து அந்த இடம் சூடாகும். எடுத்தவுடன் ஆறிவிடும் என்பது அதன் கவர்ச்சி. ஒரு வயர் முனைக்குப் பரவாயில்லை. ஐசி இருக்கும் போர்டில் அதை வைக்கவே வைக்காதீர்கள். பொறி பறக்கும், மின்சாரம் போகக் கூடாத இடத்துக்குப் போகும்.

அடுத்து, கைப்பிடிக்குள் லித்தியம் அயான் செல் வைத்துப் பூட்டிய வகை. நீங்கள் வாங்க நினைத்தது இதுவாகத்தான் இருக்கும். அதற்குள் 18650 அளவில் ஒரு செல் இருக்கும். அதில் அடங்கும் ஆற்றல் சுமார் 10 வாட்-மணி. 15 வாட் அயர்ன் என்றால் இடைவிடாமல் இழுத்தால் 40 நிமிடம். மெல்லிய வயர், எல்இடி, சிறு சென்சார் போன்ற வேலைகளுக்கு இது போதும். அவசரத்துக்கு உதவியும் இருக்கிறது. எனக்குள்ள குறை வேறு. முதலாவது எடை. செல்லைச் சுமக்கும் கைப்பிடி பருத்துவிடுகிறது, விரல் பிடிக்கும் இடத்துக்கும் பிட் முனைக்கும் உள்ள தூரம் நீண்டுவிடுகிறது. அந்தத் தூரம் கூடக் கூட முனை நடுங்கும். பேனாவை நுனியில் பிடித்து எழுதுவதற்கும் மேல் முனையில் பிடித்து எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. இரண்டாவது, செல் ஆயுள். லித்தியம் அயான் செல் சில நூறு முறை ஏற்றி இறக்கியதும் தேய்ந்துவிடும்; பயன்படுத்தாமல் காலியாகவே கிடந்தால் அதற்கு முன்பே கெடும். செல்லை மாற்ற முடியாதபடி ஒட்டியிருந்தால், பிட்டும் ஹீட்டரும் நன்றாக இருக்கும்போதே கருவி குப்பைக்குப் போகிறது. அப்படி ஒன்று என் அலமாரியில் இன்னும் கிடக்கிறது. பிட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

நண்பர் தரும் கேஸ் அயர்னைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சிலர் அதை வானளாவப் புகழ்கிறார்கள், சிலர் தொடவே அஞ்சுகிறார்கள். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

முதலில் அதன் பலம். ஒரு கிராம் பியூட்டேன் எரிந்தால் 12 வாட்-மணிக்கு மேல் ஆற்றல் வருகிறது. நான் மேலே சொன்ன 18650 செல் முழுவதும் சேர்த்து 10 வாட்-மணிதான், அதன் எடையோ 45 கிராமுக்குக் குறையாது. எரிவாயுவின் வெப்பத்தில் பெரும்பகுதி காற்றில் வீணாகப் போனாலும், மீதமே தடித்த வயருக்குத் தாராளமாகப் போதும். சில நொடிகளில் மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். பிட்டைக் கழற்றிவிட்டால் அதே கருவி சூடான காற்றை ஊதும். ஹீட் ஷ்ரிங்க் ட்யூபை (சூடுபட்டால் சுருங்கி இணைப்பை மூடும் உறையை) சுருக்க அதைவிட வசதியான பொருள் இல்லை. கூரைமேல், வயல் நடுவில், மின்சாரமே இல்லாத இடத்தில் நாள் முழுக்க வேலை என்றால் இன்றும் என் கை கேஸ் அயர்னைத்தான் தேடும்.

பலவீனமும் அதே நெருப்பிலிருந்துதான் வருகிறது. இந்த அயர்னில் பொதுவாக வெளியே சுடர் தெரியாது. உள்ளே இருக்கும் வினையூக்கியின் மேல் வாயு எரிந்து பிட்டைச் சூடாக்குகிறது. எரிந்த வாயு வெளியேற வேண்டுமல்லவா? பிட்டுக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில் ஒரு துளை இருக்கும். ஒருமுறை ஒரு காரின் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, கழன்று போன ஒரு வயரை ஒட்டிக்கொண்டிருந்தேன். என் கவனம் முழுவதும் முனையில். இணைப்பு அழகாக அமைந்தது. மனநிறைவோடு கையை எடுக்கும்போது பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. திரும்பிப் பார்த்தால், மூன்று விரல் தள்ளி ஓடிய வயர்க் கட்டில் இரண்டு வயர்களின் உறை உருகி, செம்பு பல்லிளித்துக்கொண்டிருந்தது. நான் தொடவே இல்லாத வயர்கள். துளை அந்தப் பக்கம் பார்த்திருந்தது, அவ்வளவுதான். ஒரு இணைப்பைச் சரிசெய்யப் போய் மூன்று இணைப்புகளாக முடிந்தது அன்றைய வேலை. நெருக்கமான இடத்தில் கேஸ் அயர்னை எடுத்தால், முனை எங்கே என்று பார்ப்பதற்கு முன் துளை எந்தப் பக்கம் என்று பாருங்கள். வண்டி வேலையில் பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் அதை எடுக்கவே கூடாது.

இன்னும் இரண்டு விஷயங்கள். பெரும்பாலான கேஸ் அயர்ன்களில் வெப்பநிலைக் கட்டுப்பாடு கிடையாது. வாயுவைக் கூட்டிக் குறைக்கும் திருகு மட்டும்தான். சூட்டைக் கண்ணாலும் கையாலும் கணிக்கப் பழக வேண்டும். ரேடியோ போர்டின் மெல்லிய டிராக்குகளுக்கு அது ஒத்துவராது. மேலும் பியூட்டேன் கொதிக்கும் வெப்பநிலை மைனஸ் அரை டிகிரி. கடுங்குளிரில் வாயு சரியாக எழும்பாது, அயர்ன் மங்கிவிடும். விமானப் பயணத்தில் எரிவாயுக் குப்பியையும் எடுத்துப்போக முடியாது. நண்பர் சும்மா தருகிறார் என்றால் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தடித்த வயருக்கும் ட்யூப் சுருக்கவும் அது உதவும். அதையே முதன்மைக் கருவியாக்க வேண்டாம்.

டிரில்லிங் மெஷினின் பேட்டரியை மாட்டி ஓட்டும் அயர்ன்களும் இருக்கின்றன. 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 72 வாட்-மணி; தாராளம். அதே நிறுவனத்தின் பேட்டரிகள் உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் யோசிக்கலாம். பேட்டரிக் கட்டை கீழே இருக்க, பேனா மட்டும் ஒரு சிறு வயரோடு கைக்கு வரும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். இதற்காகவே புதிதாக ஒரு பேட்டரி வாங்குவது வீண்.

இனி நான் பரிந்துரைக்கும் வகை. வயரில்லாதது என்று இதைச் சொல்ல முடியாது. சுவரோடு கட்டிப்போடாதது என்று சொல்லலாம். பேனா அளவில் இருக்கும் டிசி (நேர் மின்சாரத்தில் ஓடும்) அயர்ன். டிஎஸ்101, பைன்சில் போன்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கைப்பிடிக்குள் ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு, ஒரு சின்னத் திரை. ஹீட்டரும் வெப்ப உணரியும் பிட்டுக்கு உள்ளேயே இருக்கின்றன. பிட்டின் சூடு இறங்கத் தொடங்கியதை உணரி உடனே கண்டுபிடித்து ஹீட்டரை முடுக்கிவிடுகிறது. 25 வாட் சாதாரண அயர்னில் இது நடக்காது. அது சும்மா இருக்கும்போது தேவைக்கு மேல் சூடாகிக் கிடக்கும். வேலை கொடுத்தால் சோர்ந்து விழும். அதனால்தான் நல்ல டிசி அயர்ன் உங்கள் மேசையில் இருக்கும் வயர் அயர்னையும் விஞ்சிவிடுகிறது.

இதற்கு மின்சாரம் பவர் பேங்கிலிருந்து வரும், லேப்டாப் அடாப்டரிலிருந்தும் வரும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஹீட்டரின் மின்தடை 8 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகையில் பல அந்த அளவில்தான் இருக்கின்றன. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் வாட். 20 வோல்ட் கொடுத்தால் 50 வாட். 12 வோல்ட் என்றால் 18 வாட். 9 வோல்ட் என்றால் 10 வாட். அயர்ன் அதேதான், பிட் அதேதான். வோல்ட் பாதியானால் திறன் கால்வாசியாகிவிடும். ஆகவே பவர் பேங்க் வாங்கும்போது எத்தனை ஆயிரம் மில்லி ஆம்பியர்-மணி என்பதை இரண்டாவதாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் வெளியீட்டு வரி. யுஎஸ்பி-சி வெளியீட்டில் ‘20 வோல்ட், 3 ஆம்பியர்’ என்று இருக்க வேண்டும். 22.5 வாட் என்று விற்கும் பவர் பேங்குகள் பெரும்பாலும் 12 வோல்ட்டோடு நின்றுவிடும். அதை மாட்டிவிட்டு, “அயர்ன் சரியில்லை” என்று திருப்பிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதே கணக்கு ஏமாற்று விளம்பரத்தையும் காட்டிக்கொடுக்கும். சாதாரண யுஎஸ்பியின் 5 வோல்ட்டில் ஓடும் அயர்னின் பெட்டியில் ‘60 வாட்’ என்று அச்சிட்டிருந்தால், அதற்கு 12 ஆம்பியர் வேண்டும். அந்த மெல்லிய வயரில் அது போகவே போகாது. 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட், அவ்வளவுதான்.

20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்கில் சுமார் 74 வாட்-மணி இருக்கும். மாற்றத்தில் வீணாவது போக 60 என்று வைத்துக்கொள்ளலாம். பிட்டைச் சூடாக வைத்திருக்க மட்டும் 50 வாட் தேவைப்படாது. ஒட்டும் கணங்களில்தான் அவ்வளவு இழுக்கும். என் அனுபவத்தில் சராசரியாக 15 முதல் 20 வாட். ஆக மூன்று மணி நேர வேலை தாங்கும். வண்டிக்கு அடியில் மூன்று மணி நேரம் படுத்திருக்க நம் முதுகு தாங்காது.

ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். கையிலிருந்து வைத்துவிட்டால் இந்த அயர்ன்கள் சற்று நேரத்தில் தானாக உறங்கும். அது நல்ல குணம்தான். ஆனால் மின்சாரம் இழுப்பது மிகவும் குறைந்ததும், எதுவும் மாட்டியில்லை என்று பவர் பேங்க் நினைத்து முழுவதுமாக நிறுத்திவிடும். மறுபடி எடுக்கும்போது அயர்ன் செத்துக் கிடக்கும். பவர் பேங்கின் பொத்தானை அழுத்தி எழுப்ப வேண்டும். இது கோளாறு இல்லை. அயர்னின் அமைப்புகளுக்குள் போய் உறங்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டி வைத்துக்கொண்டால் குறையும்.

கேபிளையும் கவனியுங்கள். போனுக்கு வரும் யுஎஸ்பி-சி கேபிள் விறைப்பாக இருக்கும், பேனாவை ஒரு பக்கமாக இழுக்கும், பிட் பட்டால் உருகும். சிலிகோன் உறை போட்ட மெல்லிய கேபிள் துணிபோல் துவண்டு கிடக்கும், பிட் பட்டாலும் சட்டென்று உருகாது. இந்த ஒரு மாற்றத்தால் கை எவ்வளவு இலகுவாகிறது என்பதை ஒருமுறை பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

வண்டி வேலை செய்கிறீர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். “வண்டியிலேயே 12 வோல்ட் பேட்டரி இருக்கிறதே, அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமே” என்று தோன்றும். வேண்டாம். 12 வோல்ட்டில் திறன் குறைவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பல டிசி அயர்ன்களில் பிட்டின் உலோகம் மின்சாரத்தின் எதிர்முனையோடு இணைந்திருக்கும். அதே வண்டி பேட்டரியில் அயர்னையும் ஓட்டி, நேர்முனை ஓடும் வயரை அந்தப் பிட்டால் தொட்டால் நேரடி ஷார்ட் சர்க்யூட். வண்டி பேட்டரி கொடுக்கும் ஆம்பியரில் பிட் முனை உருகும், அயர்ன் கருகும், அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸ் மட்டும் போகும். வண்டி வயரிங்கைத் தொடும் முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுங்கள். அயர்னுக்குத் தனியாகப் பவர் பேங்க் வைத்துக்கொள்ளுங்கள்.

பவர் பேங்கில் ஓட்டுவதால் மேசையிலும் ஒரு நன்மை இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு பின் அடாப்டரில் ஓட்டும்போது, அடாப்டருக்குள் இருக்கும் கெபாசிட்டர் வழியாக மிகச் சிறிய கசிவு மின்சாரம் பிட் வரை வந்து நிற்கும். புறங்கையால் மெதுவாகக் கைப்பிடி உலோகத்தைத் தடவினால் சுரசுரவென்று ஓர் உணர்வு தெரியலாம். நமக்கு ஆபத்தில்லை. மாஸ்ஃபெட் போன்ற நுண்ணிய பாகங்களுக்கு அது பிடிக்காது. பவர் பேங்கில் ஓட்டினால் சுவரோடு தொடர்பே இல்லை, அந்தக் கசிவும் இல்லை. அடாப்டரில்தான் ஓட்ட வேண்டும் என்றால், எர்த் உள்ள மூன்று பின் அடாப்டரோ, கைப்பிடியில் எர்த் திருகு இருந்தால் அதில் ஒரு வயரோ போதும்.

மாதிரி விமானத்துக்கு வருகிறேன். உங்கள் மூன்று வேலைகளில் கடினமானது அதுதான். மோட்டாருக்குப் போகும் தடித்த சிலிகோன் வயரையும் எக்ஸ்டி60 என்ற பேட்டரி கனெக்டரையும் சாதாரண கூர்முனைப் பிட்டோடு ஒட்டப் போனால், 50 வாட் அயர்னும் திணறும். இங்கே வாட்டைவிடப் பிட்டின் வடிவம் முக்கியம். கூர்முனை ஒரு புள்ளியில்தான் தொடுகிறது. உளி வடிவப் பிட்டின் தட்டையான முகம் முழுவதும் தொடுகிறது. வெப்பம் இறங்க அகலமான பாதை. 2.4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள ஓர் உளிப் பிட்டைக் கூடவே வாங்குங்கள். வயர் முனைக்கும் கனெக்டர் குழிக்கும் தனித்தனியாக முதலில் ஈயம் பூசுங்கள். கனெக்டரின் ஜோடியை அதில் செருகி வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். பிளாஸ்டிக் இளகினாலும் பின்கள் கோணிப் போகாது. பிட்டில் ஒரு சொட்டுப் புது ஈயம் வைத்து அதன் வழியாக வெப்பத்தை இறக்குங்கள். இரண்டு, மூன்று நொடியில் ஈயம் வயரின் இழைகளுக்குள் எண்ணெய்போல் ஊறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும். அது தெரியும்வரை கையை எடுக்காதீர்கள். தெரிந்த பிறகு வைத்திருக்காதீர்கள்.

திறன் போதாதபோது சூட்டை 450-க்கு ஏற்றிச் சமாளிக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். ஃப்ளக்ஸ் (உலோகத்தைச் சுத்தம் செய்து ஈயத்தை ஒட்ட வைக்கும் பொருள்) வேலை செய்யும் முன்பே கருகிவிடும். பிட்டின் இரும்புப் பூச்சு கறுத்து, ஈயத்தையே ஏற்காமல் போய்விடும். பழைய ரேடியோ போர்டில் பேடே உரிந்து வந்துவிடும். காரீயம் கலந்த ஈயத்துக்கு 320 முதல் 350, கலக்காததற்கு 350 முதல் 380. அதில் ஒட்டவில்லை என்றால் பெரிய பிட் போடுங்கள், அல்லது வோல்ட்டைக் கூட்டுங்கள்.

வயரில்லாத எந்த அயர்னிலும் எனக்கு ஓர் அச்சம் உண்டு. வயர் அயர்னில் பிளக்கைப் பிடுங்குவது ஒரு சடங்குபோல. பிடுங்கினோமா என்று கண் தானாகத் தேடும். வயரே இல்லாதபோது அந்த நினைவூட்டல் இல்லை. அணைத்துவிட்டோம் என்று பையில் போடுகிறோம். பிட்டோ இன்னும் 200 டிகிரியில் இருக்கும், பக்கத்தில் லித்தியம் பேட்டரி இருக்கும். என் பையில் அயர்னுக்கு என்று ஓர் அலுமினியக் குழாய் இருக்கிறது. ஆறினாலும் ஆறாவிட்டாலும் பிட் அதற்குள்தான் போகும். நீங்களும் முதல் நாளிலிருந்தே அப்படி ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். காரின் அடியிலும் ஒரு ஸ்டாண்ட் வேண்டும். முகத்துக்கு மேலே வேலை செய்யும்போது பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். உருகிய ஈயம் கீழ்நோக்கித்தான் விழும். ஃப்ளக்ஸ் புகை நேராக மூக்குக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. காரீயம் புகையில் வருவதைவிட விரல் வழியாக வாய்க்குப் போவதுதான் அதிகம் என்பதால், வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

பழைய 25 வாட் அயர்னைத் தூக்கிப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போட வேண்டாம். பிளாஸ்டிக்கில் பித்தளை நட்டுகளைச் சூடாக்கிப் புதைக்க, பழைய பாகங்களைப் பெயர்த்தெடுக்க, நல்ல பிட்டைக் கெடுத்துவிடும் எந்த முரட்டு வேலைக்கும் அது இருக்கட்டும். ரேடியோ போர்டுகளை மட்டும் இனி அதனிடம் கொடுக்காதீர்கள்.

வாங்கப் போகும் முன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் லேப்டாப் அடாப்டரைத் திருப்பி, அதில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். முனை யுஎஸ்பி-சியாக இருந்து, வெளியீட்டு வரியில் 20 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருந்தால், மேசை வேலைக்கு மின்சாரம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அயர்னையும் ஓர் உளிப் பிட்டையும் சிலிகோன் கேபிளையும் மட்டும் இப்போது வாங்கி, இரண்டு வாரம் மேசையில் பழகுங்கள். கை பழகிய பிறகு பவர் பேங்கை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போகலாம்.